கோழிக்குக் கைவைத்தியம்: எது கேட்கும், எது கேட்காது

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்த இடங்களை மட்டும் குறைத்திருக்கிறோம்.)

இன்னைக்கு வீட்டுக் கோழி. பண்ணைக் கோழி இல்ல, கொல்லையில் மேயுற நாட்டுக்கோழி. பத்து, பதினைஞ்சு உருப்படி வச்சிருக்கிறவங்களுக்கான எபிசோட் இது.

நேரா விஷயத்துக்கு வந்துடறேன். சிவகங்கை மாவட்டம் ஒக்கூரில் இருந்து ஒரு அக்கா வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தாங்க. அவங்க பேசினதை அப்படியே தர்றேன்: "தம்பி, எங்க வீட்ல பதினாலு உருப்படி இருந்துச்சு. மூணு நாளா ஒண்ணு மாத்தி ஒண்ணு தலையத் தொங்கப் போடுது. பச்சையும் வெள்ளையுமா கழியுது. கீழாநெல்லி, மஞ்சள், பூண்டு எல்லாம் அரைச்சு உருட்டி உருட்டிக் கொடுத்தேன். அஞ்சு செத்துப்போச்சு. ஒண்ணு கழுத்தைத் திருகிக்கிட்டு அங்கேயே சுத்துது. மருந்து அளவு தப்பாயிருச்சாப்பா?"

அக்கா, அளவு தப்பாகல. நீங்க சொன்ன அடையாளங்களை வச்சுப் பார்த்தா அது வெள்ளைக் கழிச்சல். அந்த நோய்க்கு எந்த மருந்தும் எட்டாது. கீழாநெல்லி மட்டும் இல்ல, ஆஸ்பத்திரியில் இருக்கிற விலை உயர்ந்த ஊசியும் அதைக் குணப்படுத்தாது. வராம தடுக்கலாம், அவ்வளவுதான். இந்த ஒரு விஷயத்தைத் தெளிவாப் பேசிட்டு, அப்புறம் கைவைத்தியம் நிஜமாவே வேலை செய்யுற இடங்களுக்குப் போவோம். அது நிறைய இருக்கு.

வெள்ளைக் கழிச்சல்னு நாம சொல்றதுக்குப் புத்தகப் பெயர் ராணிக்கெட் நோய். ராணிக்கெட் என்பது இன்றைய உத்தராகண்டில் இருக்கிற ஒரு மலை ஊர். இந்தியாவில் இந்த நோய் 1928-ல் அந்த ஊர்ப் பெயரோடு பதிவாச்சு. அதுக்கு ஒண்ணு ரெண்டு வருஷம் முன்னாடி, 1926-ல், இங்கிலாந்தின் நியூகாசிலிலும் ஜாவாவிலும் கோழிகள் இதே மாதிரி கொத்துக் கொத்தா செத்தன. அதனால உலகம் முழுக்க இதுக்கு நியூகாசில் நோய்னு பேர். காரணம் ஒரு வைரஸ். எச்சம், மூக்குச் சளி, தண்ணிப் பாத்திரம், சந்தையில் வாங்கி வந்த புதுக்கோழி, ஏன், நம்ம செருப்பு வழியாக்கூட வரும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் வீரியமான வகை புகுந்தா, மொத்தமும் போகிற அளவுக்குச் சாவு இருக்கும்.

அடையாளம் எப்படி? முதலில் தீனி எடுக்காது, இறக்கையைத் தொங்கவிட்டு ஓரமா நிற்கும். அப்புறம் பச்சையும் வெள்ளையுமா கழிச்சல். வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கும். பிழைச்சு நிற்கிற சிலதுக்குக் கழுத்து முறுக்கிக்கும், ஒரு காலோ இறக்கையோ இழுத்துக்கும். அந்த வைரஸ் நரம்பு மண்டலம் வரைக்கும் போயிட்டதோட அடையாளம் இது.

இப்ப கீழாநெல்லிக்கு வருவோம். நம்ம பக்கம் ரொம்ப நாளாப் புழங்குற செய்முறை ஒண்ணு இருக்கு. பத்துக் கோழிக்குன்னு கணக்கு: சீரகம் 10 கிராம், மிளகு 5 கிராம், மஞ்சள் தூள் 5 கிராம், கீழாநெல்லி 50 கிராம், சின்ன வெங்காயம் 5, பூண்டு 5 பல். சீரகத்தையும் மிளகையும் இடிச்சு, மத்ததோட சேர்த்து அரைச்சு, குருணையில் கலந்து வைக்கணும். தின்னாத கோழிக்குச் சின்னச் சின்ன உருண்டையா வாயில் போடணும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் தஞ்சாவூரில் மரபுவழி மூலிகை மருத்துவத்துக்குன்னே ஆராய்ச்சி நடத்தியிருக்கு. பேராசிரியர் ந. புண்ணியமூர்த்தி அங்கிருந்து மாட்டு மடிநோய், கோமாரி மாதிரி பல நோய்க்கு இப்படி அளவோட செய்முறைகளைத் தொகுத்து, விவசாயிகளுக்குப் பயிற்சி கொடுத்தவர். அதனால இதைப் பாட்டி வைத்தியம்னு ஒதுக்கித் தள்ள முடியாது. ஆனா இந்த உருண்டையால் என்ன ஆகும், என்ன ஆகாதுன்னு பிரிச்சுப் பார்க்கணும். பசியைத் தூண்டும், செரிமானத்துக்கு உதவும், லேசான வயிற்றுக் கோளாறில் கோழி தேறும். உடம்புக்குள்ள புகுந்துட்ட ராணிக்கெட் வைரஸைக் கொல்லும்னு நம்பி உட்கார்ந்தா, அக்காவுக்கு நடந்தது நடக்கும்.

கீழாநெல்லிக்கு வைரஸைக் கொல்லுற பேர் எங்கிருந்து வந்ததுன்னு ஒரு சின்ன கிளைக்கதை. நம்ம ஊரில் அது காலங்காலமா மஞ்சள் காமாலை மருந்து. 1988-ல் சென்னை ஆராய்ச்சியாளர்கள், ஹெபடைடிஸ் பி கிருமி தங்கியிருந்தவங்களுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து, நல்ல பலன் இருக்குன்னு லான்செட் இதழில் எழுதினாங்க. உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னாடி மற்ற இடங்களில் செஞ்ச சோதனைகளில் அந்தப் பலன் அதே மாதிரி வரல. அதுவும் மனுஷனோட கல்லீரலில் இருக்கிற வைரஸ். கோழியோட மூச்சுக்குழலிலும் நரம்பிலும் இருக்கிற வைரஸ் வேற சாதி. ஒண்ணுக்குச் சொன்னதை இன்னொண்ணுக்கு இழுத்துப் பிடிக்கக் கூடாது.

அப்படின்னா "எங்க வீட்டில் கொடுத்தேன், நாலு கோழி பிழைச்சுதே"ன்னு நீங்க கேட்பீங்க. பிழைக்கும். ஏற்கெனவே எப்பவோ லேசா தொத்தி எதிர்ப்பு வந்த கோழி பிழைக்கும். வீரியம் குறைஞ்ச வகையா இருந்தாலும் பிழைக்கும். வெள்ளைக் கழிச்சலே இல்லாம வெறும் கழிச்சலா இருந்தாலும் பிழைக்கும். பிழைச்ச நாலுக்கும் மருந்து பேர் வாங்கிக்கும், செத்த பத்துக்கு "விதி"ன்னு சொல்லிடுவோம்.

சரி, தடுப்பு. குஞ்சு பொரிச்ச ஏழாம் நாள் வாக்கில் எஃப்-1 அல்லது லசோட்டா, கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. நாலாவது வாரத்தில் லசோட்டா இன்னொரு தடவை. எட்டு வாரம் ஆனதும் ஆர்2பி ஊசி, இறக்கையிலோ தோலுக்கு அடியிலோ. இந்த ஆர்2பி-க்கு முக்தேசுவர் வகைன்னு இன்னொரு பேர். அதுவும் உத்தராகண்ட் மலையில் இருக்கிற கால்நடை ஆய்வு நிலையத்தோட ஊர். நோய்க்குப் பேர் கொடுத்த மலையில் இருந்தே மருந்தும் வந்திருக்கு! எட்டு வாரத்துக்குக் குறைஞ்ச குஞ்சுக்கு ஆர்2பி போடக் கூடாது, தாங்காது. அப்புறம் எத்தனை மாசத்துக்கு ஒருமுறை திரும்பப் போடணும்னு உங்க ஊர் கால்நடை மருத்துவரிடம் கேட்டுக்கோங்க.

இதில் ஒரு நிஜமான சிக்கல் இருக்கு. அதை மறைச்சுட்டு "ஏன் ஊசி போடல"ன்னு ஜனங்களைத் திட்டுறதில் எனக்கு உடன்பாடு இல்ல. இந்த மருந்து 2 முதல் 8 டிகிரி குளிர்ச்சியில் இருக்கணும். ஒரு குப்பியில் நூறு கோழிக்கு, அதுக்கும் மேல வரும். கலக்கிட்டா ரெண்டு மணி நேரத்துக்குள்ள போட்டு முடிச்சாகணும். பதினாலு கோழி வச்சிருக்கிற அக்கா, ஐஸ் வச்ச பிளாஸ்க்கைத் தூக்கிக்கிட்டு சிவகங்கைக்குப் பஸ் ஏறி, நூறு கோழி மருந்தை வாங்கிட்டு வந்து, எண்பத்தாறைக் கொட்டணுமா? அதனாலதான் கொல்லையில் முளைச்ச கீழாநெல்லிக்குக் கை போகுது.

வழி ரெண்டு மூணு இருக்கு. தமிழ்நாட்டில் கால்நடை பராமரிப்புத் துறை ஒவ்வொரு வருஷமும் பிப்ரவரி மாசம், வெயில் ஏறுறதுக்கு முன்னாடி, ரெண்டு வாரம் இலவசமா கோழிக் கழிச்சல் தடுப்பூசி முகாம் நடத்துது. எட்டு வாரத்துக்கு மேல ஆன கோழிகளுக்குப் போடுவாங்க. அன்னைக்குக் காலையில் கோழியை அவிழ்த்து விடாம பஞ்சாரத்திலேயே வச்சிருந்தா போதும், பிடிக்கத் தெருத்தெருவா ஓட வேண்டியதில்லை. ரெண்டாவது, தெருவில் நாலைஞ்சு வீடு சேர்ந்து ஒரு குப்பியை ஒரே காலையில் முடிக்கிறது. மூணாவது, நம்ம கால்நடைப் பல்கலைக்கழகமே தீவனம் மாதிரி கொறிக்கிற குருணை வடிவத்தில் ராணிக்கெட் தடுப்பு மருந்து ஒண்ணு உருவாக்கியிருக்கு. கிடைக்குதான்னு கேட்டுப் பாருங்க. வெளிநாட்டில், ஆஸ்திரேலியாவில் உருவான ஐ-2 என்கிற வெப்பம் தாங்குற வகையை வச்சு, மொசாம்பிக், தான்சானியா கிராமங்களில் பெண்களே வீடு வீடாப் போய் கண்ணில் சொட்டு விடுறாங்க. நமக்கும் அதுதான் பொருத்தம்னு எனக்குத் தோணுது.

அக்காவுக்கு உடனடியா நான் சொன்னது இதுதான். நல்லா இருக்கிற கோழியைத் தனியாப் பிரிங்க. முதலில் நல்ல கோழிக்குத் தீனி வச்சுட்டு, கடைசியாத்தான் சீக்குக் கோழி பக்கம் போகணும், மாத்திப் போகக் கூடாது. சீக்கான கோழிக்கு இப்ப ஊசி போடுறதில் பயன் இல்ல. செத்ததைக் கண்மாயில் எறியாதீங்க, நாய்க்கும் போடாதீங்க. ஆழமாக் குழி வெட்டி, சுண்ணாம்பு தூவிப் புதைங்க. அப்புறம் மனசு கேட்காத ஒரு காரியம்: "போறதுக்குள்ள வித்துடலாம்"னு மீதியைச் சந்தைக்குக் கொண்டு போகாதீங்க. ஒரு ஊர் நோய் பத்து ஊருக்குப் போறது அந்தக் கூடையில்தான். அஞ்சு கோழி போன வீட்டில் இதைச் சொல்றது எனக்கே கஷ்டமா இருந்தது. ஒரு பெட்டை வருஷத்துக்கு நாலு ஈடு, ஈட்டுக்குப் பத்துப் பன்னெண்டு முட்டை. அந்த வீட்டுப் பொம்பளை கைச்செலவுக் காசு முழுக்க அதில்தான் இருக்கு. கூட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடிச்சு, வெயிலில் காயவிட்டு, குறைஞ்சது ஒரு மாசம் கழிச்சுத்தான் புதுக்கோழி வாங்கணும்னும் சொன்னேன். வாங்கின கோழியையும் ரெண்டு மூணு வாரம் தனியா வச்சுப் பார்த்துட்டுத்தான் கூட்டத்தில் சேர்க்கணும்.

ஒரு எச்சரிக்கை. ஒரே நாளில் திடீர்னு நிறையக் கோழி செத்தா, அல்லது காக்கா, கொக்கு எல்லாம் சேர்ந்து செத்துக் கிடந்தா, பறவைக் காய்ச்சலாவும் இருக்கலாம். வெறுங்கையால் தொடாதீங்க, அறுத்துப் பார்க்காதீங்க. கால்நடை மருந்தகத்துக்குச் சொல்லுங்க, இல்ல 1962-க்குப் போன் போடுங்க.

இனி கைவைத்தியம் கெத்தா நிற்கிற இடங்கள்.

முதலாவது அம்மை. கொண்டை, தாடை, கண் ஓரம் எல்லாம் மருமருவா, பொரி மாதிரி வரும். இதுவும் வைரஸ்தான், ஆனா பெரும்பாலும் கொசு வழியாப் பரவுறது. தோலில் வர்ற அம்மை மூணு நாலு வாரத்தில் தானாக உதிர்ந்துடும். கோழி சாகுறது அம்மையால் இல்ல, கண் மூடிப்போய்த் தீனி தெரியாம பட்டினி கிடந்து, அல்லது புண்ணில் ஈ உட்கார்ந்து சீழ் வச்சு. அந்த ரெண்டையும் கைவைத்தியம் நல்லாவே தடுக்கும். வேப்பெண்ணெயில் மஞ்சள் தூள் குழைச்சு, அரைச்ச பூண்டும் துளசியும் கொஞ்சம் சேர்த்து, பொரி மேல தினம் ரெண்டு வேளை தடவுங்க. வேப்பெண்ணெய் வாடைக்கு ஈ கிட்ட வராது. கண்ணுக்குள்ள மட்டும் படக் கூடாது. கண்ணை ஆறின வெந்நீரில் பஞ்சு நனைச்சுத் துடைச்சு விடுங்க. கண் தெரியாத கோழிக்குக் கேழ்வரகுக் கூழையோ பழைய சோறையோ கையால் ஊட்டணும், தண்ணி காட்டணும். பிழைக்க வைக்கிறது அந்த ஊட்டல்தான். பொரியைப் பிய்க்காதீங்க. சிலர் மண்ணெண்ணெய் தடவுறாங்க, வேண்டவே வேண்டாம், தோல் வெந்துடும். வாய்க்குள்ள, தொண்டையில் மஞ்சளா படலம் கட்டினா அது தொண்டை அம்மை. மூச்சடைக்கும், டாக்டரிடம் தூக்கிட்டுப் போங்க.

ரெண்டாவது பேனும் செல்லும். இதில் நம்ம பாட்டிமாருக்கு மிஞ்சின ஆள் இல்ல. பேன் கோழி மேலயே குடியிருக்கும். செல் அப்படி இல்ல, பகலில் கூட்டு மரச் சந்தில் ஒளிஞ்சிருந்து ராத்திரி வந்து ரத்தம் குடிச்சுட்டுத் திரும்பிப் போயிடும். அதனால கோழிக்கு மட்டும் மருந்து தடவிட்டு, கூட்டை விட்டா ஒண்ணும் ஆகாது. கூட்டுச் சந்து பொந்தெல்லாம் சுண்ணாம்பு அடிக்கணும், வேப்பெண்ணெயைத் துணியில் தொட்டு மரச் சட்டத்தில் தேய்க்கணும். கோழிக்கு மண் குளியல் போதும். நிழலில் ஒரு குழி, அதில் மணல், விறகடுப்புச் சாம்பல், காய்ஞ்ச வேப்பிலைத் தூள். கோழி அதில் படுத்துப் புரண்டு தன் வைத்தியத்தைத் தானே பார்த்துக்கும். சிமெண்ட் தளம் போட்ட வாசலில் கோழி வளர்க்கிறவங்க இந்தக் குழியை மறந்துடறாங்க, அப்புறம் ஏன் பேன் பிடிக்குதுன்னு என்கிட்ட கேட்கிறாங்க.

அடைக்கோழிக்கு இது ரொம்ப முக்கியம். 21 நாள் அசையாம உட்கார்ந்திருக்கிற கோழி மேல பேன் பெருகிடும், அரிப்புத் தாங்காம அடையை விட்டு எழுந்துடும், முட்டை கூமுட்டையாயிடும். அடை வைக்கிற கூடையில் மணலுக்கு மேல வேப்பிலையைப் பரப்பி வைங்க. முட்டைக்குப் பக்கத்தில் இரும்புத் துண்டும் மிளகாயும் கரியும் வைக்கிற வழக்கம் நம்ம பக்கம் இருக்கு, இடிக்குக் காப்புன்னு. இடியை அது தடுக்குதோ இல்லையோ, கெடுதல் இல்ல, விட்டுடுங்க. ஏழாம் நாள் ராத்திரி டார்ச் லைட்டில் முட்டையைப் பிடிச்சுப் பாருங்க. சிலந்தி மாதிரி ரத்த நரம்பு தெரிஞ்சா கரு இருக்கு. தெளிவா இருந்தா எடுத்துடலாம்.

மூணாவது வெயில். சித்திரை, வைகாசியில் சிவகங்கைச் சீமை வெயிலைப் பத்தி நான் சொல்ல வேண்டியதில்லை. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதோட உடம்புச் சூடே 41 டிகிரிக்கு மேல. வாயைத் திறந்து இரைச்சுத்தான் சூட்டை வெளியேத்தணும். மண் தொட்டியில் நிழலில் தண்ணி வைங்க, மதியம் ஒருமுறை மாத்துங்க. தீனியைக் காலையில் சீக்கிரமும் சாயங்காலமும் மட்டும் வைங்க, தீனி செரிக்கிறதே உடம்புக்குச் சூடு. நெல்லிக்காயை இடிச்சுத் தண்ணியில் போடுற பழக்கத்துக்குப் பின்னால் காரணம் இருக்கு. வைட்டமின் சி வெயில் அயர்ச்சியைக் குறைக்குதுன்னு கோழி ஆராய்ச்சியிலேயே பார்த்திருக்காங்க.

முட்டை ஓடு தோல் மாதிரி மெத்துனு வந்தா சுண்ணாம்புச் சத்துக் குறைவு. வீட்டில் மிஞ்சுற முட்டை ஓட்டை வறுத்து, நல்லாத் தூளாக்கிப் போடுங்க. அது முக்கால்வாசிக்கும் மேல சுண்ணாம்புதான். முழு ஓடா மட்டும் போடாதீங்க, முட்டையைக் கொத்தப் பழகிடும்.

குஞ்சுக்குச் சத்து வேணும்னா கரையானை விட மலிவானது எதுவும் இல்ல. பழைய பானையில் கிழிஞ்ச சாக்கு, காய்ஞ்ச சாணி, வைக்கோல் எல்லாம் திணிச்சு, தண்ணி தெளிச்சு, சாயங்காலம் கரையான் நடமாட்டம் இருக்கிற இடத்தில் கவுத்து வைங்க. விடிஞ்சு பார்த்தா பானை முழுக்கக் கரையான். செம்மண் பூமியில் இதுக்குப் பஞ்சமே இல்ல. குஞ்சுகள் பாய்ஞ்சு பாய்ஞ்சு தின்னும்.

ஆனா குஞ்சில் ரத்தக் கழிச்சல் வந்தா கைவைத்தியத்தில் நாளைக் கடத்தாதீங்க. மூணு வாரத்தில் இருந்து ஆறு வாரத்துக் குஞ்சுக்கு, மழைக்காலத்தில், ஈரத் தரையில் வர்றது. ஆம்புரோலியம் மாதிரி மருந்து கால்நடை மருந்தகத்தில் கிடைக்கும், சீக்கிரம் கொடுத்தா பிழைக்கும். அடியில் போட்ட உமியை ஈரமில்லாம மாத்திக்கிட்டே இருந்தா பாதி தடுத்துடலாம். குடல் புழுவுக்கும் அப்படித்தான். வேப்பிலை, குப்பைமேனி கொடுக்கிறதை நான் வேண்டாம்னு சொல்லல, ஆனா மருந்தகத்துப் புழு மருந்து மலிவு, நிச்சயம். தடுப்பூசிக்கு ஒரு வாரம் முன்னாடி அதைக் கொடுத்துட்டா ஊசி இன்னும் நல்லாப் பிடிக்கும்.

கடைசியா, மருந்தே இல்லாத ஒரு காவல். பொழுது சாயும்போது அடைக்கிறது. ஒக்கூர்னு சொன்னதும் எனக்கு ஒக்கூர் மாசாத்தியார் ஞாபகம் வந்துட்டாங்க. இந்த ஊர்ப் பேரைத் தாங்கின சங்கப் புலவர். குறுந்தொகையில் 139-ஆம் பாட்டு அவங்க பாடினது. அதில் வர்ற உவமையே நம்ம வீட்டுக் கொல்லைதான். சாயங்காலம் வேலி ஓரமா காட்டுப்பூனை வருது, எங்கே புகுறதுன்னு தெரியாம குஞ்செல்லாம் ஒண்ணாக் குமிஞ்சு நிற்குது, வீட்டுப் பெட்டை கத்திக் கூப்பிடுது. ஈராயிரம் வருஷமா எதிரி மாறல. இப்பவும் பூனை, கீரி, மரநாய், தெருநாய்தான். உலகத்துக்குச் செட்டிநாட்டுக் கோழின்னா தட்டில் இருக்கிறது மட்டும்தான் தெரியும். அந்த அம்மா உயிரோட இருக்கிற கோழியைப் பார்த்துப் பாடியிருக்காங்க!

பஞ்சாரத்தை வெறுமனே கவுத்து வச்சா கீரி அடியில் பறிச்சுட்டு வரும். அடியில் பலகைக் கல் போடுங்க, மேலே கல்லைத் தூக்கி வைங்க. கூண்டு செய்றதா இருந்தா தரையில் இருந்து ரெண்டடி உயர்த்தி, கம்பிவலையின் கண் விரல் நுழையாத அளவில் பாருங்க. வலைக்கண் பெருசா இருந்தா மரநாய் உள்ளே வராமலே தலையைப் பிடிச்சு இழுத்துடும்.

பிப்ரவரி முகாம் தேதி உங்க ஊருக்கு என்னைக்குன்னு ஊராட்சி அலுவலகத்திலோ கால்நடை மருந்தகத்திலோ கேட்டு வச்சுக்கோங்க. அடுத்த எபிசோடில் வெள்ளாட்டுக்குட்டி வளர்ப்பு. கேள்வி இருந்தா வாய்ஸ் மெசேஜாவே அனுப்புங்க, வழக்கம் போல.